பிழைக்கு விடும் இடம்

தோ பாயோ பேருந்து முனையத்திலிருந்து வண்டியை வெளியே எடுத்த முதல் சில நிமிடங்களிலேயே பேருந்து ஓட்டும் இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் முன்கண்ணாடியில் தெரிந்துவிடும். லோரோங் 4, லோரோங் 6, லோரோங் 8 என்று வளைந்து வளைந்து செல்லும் சாலைகள். 1960களின் நடுவில் கட்டத் தொடங்கிய பேட்டை என்பதால் அன்று இளம் தம்பதிகளாகக் குடிவந்தவர்கள் இன்று கைத்தடியோடும் தள்ளுவண்டியோடும் சாலையைக் கடக்கிறார்கள். லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள், ஈரச்சந்தைக்குப் போகிறவர்கள், உணவு விநியோகத்துக்குப் பறக்கும் மோட்டார்சைக்கிள்கள், தெற்கே தீவு விரைவுச்சாலையிலிருந்து இறங்கியும் வேகம் குறையாமல் வரும் கார்கள் எல்லாம் ஒரே தார்ச்சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பேருந்து ஓட்டுகிறவர்களிடம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, “ரோட்டில் யார் அங்கிள் ரொம்ப ஆபத்து? டாக்சியா, லாரியா, மோட்டார்சைக்கிளா?” என்பது. ஆபத்தான ஓட்டுநர் இன்னார் என்று கண்டுகொண்டு விலகிவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை சரியல்ல என்பதுதான் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். யாராவது ஒருவர் பிழை செய்யத்தான் போகிறார், அது நாமாகவும் இருக்கலாம். அந்தப் பிழை நடக்கும்போது அதைத் தாங்க எத்தனை மீட்டர், எத்தனை விநாடி மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உயிர் நிற்கிறது. அந்த மிச்சத்தை யார் தருவது, யாருக்கு அது மறுக்கப்படுகிறது என்பதையே இங்கே பேச விரும்புகிறேன்.

போக்குவரத்துக் காவல்துறையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ச் சாலைகளில் 2023இல் 136 பேர் இறந்தார்கள், 2024இல் 142 பேர். இரண்டு ஆண்டுகளிலும் இறந்தவர்களில் பாதிப்பேரோ அதற்கு மேலோ மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள், பின்னால் அமர்ந்தவர்களையும் சேர்த்து. ஆனால் இந்நாட்டு வாகனங்களில் மோட்டார்சைக்கிள் ஏறக்குறைய 15 விழுக்காடுதான். இதைப் பார்த்துவிட்டு ‘மோட்டார்சைக்கிள்காரர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் இந்த விகிதத்தை அது மட்டும் விளக்காது. கார் ஓட்டுகிறவர் தடம் மாறும்போது ஒரு நொடி கவனம் பிசகினால் கதவு நசுங்கும், காப்புறுதிக்கு மனுப் போட வேண்டியிருக்கும். அதே பிசகு மோட்டார்சைக்கிளுக்கு எதிராக நடந்தால் இடுப்பெலும்பு நொறுங்கும். பிழையின் அளவு ஒன்றுதான், விலைதான் வேறு. விடியுமுன் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வரும் இளைஞர்களும், தோ பாயோவில் சிவப்பு விளக்கருகே நிற்கும் மூத்தோரும், லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து செல்லும் ஊழியர்களும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள். தங்களைச் சுற்றித் தகடு இல்லாதவர்கள், அதனால் பிறர் விடும் இடைவெளியை நம்பி வாழ்கிறவர்கள்.

ஆபத்தான ஓட்டுநர் என்று தனியாக ஒரு சாதி கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுகிறவரையும் பந்தயம் விடுகிறவரையும் நான் மன்னிக்கச் சொல்லவில்லை. அவர்கள் உண்டு, அவர்களைச் சட்டம் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நாள்தோறும் சாலையில் நாம் சந்திக்கும் ஆபத்தில் பெரும்பங்கு சாதாரண, ஒழுக்கமான மனிதர்களிடமிருந்து வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் கட்டுமானத் தளத்தில் நின்றுவிட்டு லாரியின் சாவியை வாங்கிக்கொள்பவர், அடுத்த ஆர்டருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும் விநியோக ஊழியர், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரத் தாமதமாகிவிட்ட தாய், இடைவேளை விட்டு இரண்டு பகுதியாக ஓடும் ஷிப்டின் இரண்டாம் பகுதியில் இருக்கும் பேருந்து ஓட்டுநர். காலை பத்து மணிக்கு அருமையாக ஓட்டும் இதே மனிதர்கள் மாலை ஆறரைக்கு ஆபத்தானவர்கள் ஆகிறார்கள். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. ஆகவே ஆளைக் கணித்து ஓட்டுவதைவிட, பக்கத்தில் யார் இருந்தாலும் அவர் அடுத்த மூன்று விநாடியில் தவறு செய்யக்கூடும் என்று கணித்து ஓட்டுவதே நம்பகமானது.

இடைவெளி என்பதை வெறும் பொறுமைக் குணமாக நினைத்துவிடக் கூடாது, அது கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள கார் அதன்பின் இன்னொரு 14 மீட்டரில் நிற்கும். மொத்தம் 28 மீட்டர். அதே கார் 60இல் வந்திருந்தால், 50இல் வந்த கார் நின்றுவிட்ட அதே புள்ளியை அது கடக்கும்போது இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு நெருக்கமான வேகத்தில் இருக்கும். கூடுதலாக எடுத்துக்கொண்டது 10தான். கடப்பவர் மேல் மோதும் வேகமோ பூஜ்யத்திலிருந்து 40க்குத் தாவிவிடுகிறது. எழுபது வயது உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்கவே தேவையில்லை. பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கார் ஓட்டுகிறவர் உயிர்போகும் நேரத்தில் பிரேக்கை முழுதாக மிதிக்கலாம், உள்ளே இருப்பவர்கள் பெல்ட் போட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் பலர் நிற்பார்கள். ஒரு கையில் கம்பியும் மறு கையில் மீன் பையும் பிடித்த பாட்டி அப்போதுதான் இருக்கையைத் தேடிக்கொண்டிருப்பார். வெளியே ஒருவரைக் காக்க முழு பிரேக் போட்டால் உள்ளே ஒருவருக்கு இடுப்பு முறியும். எனவே பேருந்தைப் பொறுத்தவரை பிரேக் கடைசி வழி. முன்கூட்டியே விட்ட தூரம்தான் முதல் வழி. முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு விநாடி என்று பாடப்புத்தகம் சொல்வதை மழையில் நான்காக்குவதும், ஏறியவர் உட்காரும்வரை நகராமல் இருப்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான். இரக்கம் இருந்தால் நல்லது. இல்லாதவரும் கணக்கைப் பின்பற்றலாம்.

கண்ணும் நம்மை ஏமாற்றும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு ‘ஆளே தெரியவில்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வலப்புறம் திரும்பும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண் ஒன்று நிற்கிறது. அதோடு பெரிய பக்கவாட்டுக் கண்ணாடியும் சேர்ந்துகொள்கிறது. திரும்பும் சாலையை ஒருவர் கடந்துகொண்டிருக்கிறார். பேருந்து மெல்ல வளைகிறது, அவர் மெல்ல நடக்கிறார். இரண்டு வேகமும் பொருந்திவிட்டால் அவர் தொடக்கம் முதல் இறுதிவரை அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நடந்துவருவார். ஓட்டுநர் நேர்மையாகப் பார்த்துக்கொண்டே இருப்பார், காலியான சாலை மட்டுமே தெரியும். இதற்கு மருந்து சுலபம்: இருக்கையில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, தூணைச் சுற்றி எட்டிப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் திரும்பும்போது உட்கார்ந்த இடத்திலேயே ஆடுவதைப் பயணிகள் கவனித்திருக்கலாம், காரணம் இதுதான். நடப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதிலேயே இருக்கிறது: ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது. பெரிய வண்டிக்குப் பக்கத்தில் மோட்டார்சைக்கிளை ஒட்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதே விதிதான், அந்த வண்டியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வலத்திருப்பம் என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரல் 19 அன்று காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட், கிளமெண்டி அவென்யூ 6 சந்திப்பில் வலப்புறம் திரும்பிய டாக்சியில் எதிரே நேராக வந்த கார் மோதியது. டாக்சியில் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்தார். எதிர்வண்டியின் வேகத்தைத் தானே கணித்து, இடம் பார்த்துத் திரும்பலாம் என்று ஓட்டுநரின் முடிவுக்கு விடப்பட்ட சந்திப்பு அது. அதன் பிறகு நிலப் போக்குவரத்து ஆணையம் இத்தகைய சந்திப்புகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்பு விளக்குகளைப் பொருத்தும் வேலையைப் பெரிய அளவில் விரிவாக்கியது. அம்பு சிவப்பாக இருக்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் சலித்துக்கொள்ளும் ஓட்டுநர்கள் பலர். என் பார்வையில் இந்நாட்டுச் சாலைகளில் செய்யப்பட்ட மிக நல்ல மாற்றங்களில் இது ஒன்று. களைத்த மனிதன் ஒருவன் இரண்டு விநாடியில் போட வேண்டிய கணக்கை அவன் தோளிலிருந்து இறக்கி விளக்கின் மேல் வைத்துவிட்டார்கள்.

என் வாதத்துக்கு எதிரான மிகக் கனமான சான்றை நானே சொல்லிவிடுகிறேன். 2012 மே 12 அதிகாலையில், பூகிஸ் வட்டாரத்தில் ரோச்சோர் சாலையும் விக்டோரியா ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில், சிவப்பு விளக்கை மீறி மிகக் கடுமையான வேகத்தில் வந்த ஃபெராரி கார் ஒன்று டாக்சி மேல் மோதியது. ஃபெராரி ஓட்டியவர், டாக்சி ஓட்டுநர், டாக்சியில் இருந்த பயணி மூவரும் இறந்தார்கள். டாக்சி ஓட்டுநருக்குப் பச்சை விளக்கு. அவர் இடமும் வலமும் பார்த்திருந்தாலும் அந்த வேகத்தில் வந்ததைத் தவிர்த்திருக்க முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 22 அன்று தெம்பனிசில் ஆறு வாகனங்கள் சிக்கிய விபத்தில் 17 வயது மாணவியும் 57 வயதுப் பெண்ணும் இறந்ததும் அப்படித்தான், அவர்கள் செய்திருக்கக்கூடிய எதுவும் இல்லை. அப்படியானால் இடைவெளி விட்டு ஓட்டு, எச்சரிக்கையாக இரு என்பதெல்லாம் வீண்தானா? பச்சை விழுந்ததும் பாய்ந்துவிடாமல் ஒரு நொடி இருபுறமும் பார்த்துவிட்டு நகர்வது, சற்றுத் தாமதமாகச் சிவப்பை மீறுகிறவர்களிடமிருந்து நம்மைக் காக்கும், அத்தகையவர்களே எண்ணிக்கையில் அதிகம். எஞ்சியவர்களிடமிருந்து அது காக்காது. தனிமனிதன் தனக்காக விட்டுக்கொள்ளும் இடத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத்தான் பூகிஸும் தெம்பனிசும் காட்டுகின்றன. அந்த எல்லைக்கு அப்பால் சாலையும் வண்டியும் சட்டமும்தான் இடம் விட வேண்டும்.

‘சட்டப்படி ஓட்டும் நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? விட்டுக்கொடுத்தால் முரடனுக்குத் துணிச்சல்தானே வரும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம் அது. ஆனால் சாலையில் நாம் கற்பிக்கும் பாடத்தை அந்த முரடர் கற்றுக்கொள்வதில்லை. பிரேடல் சாலையில் பின்பக்கத்தை உரசுகிறாற்போல் ஒட்டிவருகிறவருக்குப் புத்தி புகட்ட பிரேக்கைத் தட்டினால், கோபத்தில் இருப்பவர் கையில் நம் உயிரைக் கொடுத்துவிடுகிறோம். எங்கள் தொழிலில் செய்வது நேர்மாறானது. பின்னால் ஒருவர் ஒட்டிவந்தால் முன்னால் உள்ள தூரத்தைக் கூட்டுவோம். அப்போது முன்னால் ஏதாவது நடந்தாலும் மெதுவாக, நீளமாகப் பிரேக் போட முடியும், பின்னால் வருபவருக்கும் நேரம் கிடைக்கும். இல்லாத அவருடைய இடைவெளியையும் சேர்த்து நாம் விடுகிறோம். இடத் தடத்துக்கு மாற முடிந்தால் மாறி அவரைப் போகவிடுகிறோம். ஹாரன், கைச்சைகை, வரிசையாக ஓட்டிப் போய்க் கண்ணாடியை இறக்கிப் பேசுவது எதுவும் வேண்டாம். ஒளிப்பதிவுக் கருவி வண்டியில் இருந்தால் பதிவைக் காவல்துறையிடம் தரலாம். தண்டிக்கும் வேலை அவர்களுடையது, வீடு போய்ச் சேரும் வேலை நம்முடையது. விட்டுக்கொடுப்பது தோல்வி என்று நினைக்கிறவர்கள், விபத்து வழக்கில் முழு நியாயமும் தம் பக்கம் இருந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நேர அட்டவணை பற்றிய ஆட்சேபம் எங்களுக்குள்ளேயே எழுவது. 2014 முதல் நிலப் போக்குவரத்து ஆணையம் பேருந்துச் சேவைகளின் காத்திருப்பு நேரத்தை அளந்து, ஒழுங்காக ஓட்டும் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை தந்து, தவறினால் அபராதம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று வாடிய பயணிக்கு இது நன்மைதான். அதே சமயம், அந்த அழுத்தம் சங்கிலியாக இறங்கி ஓட்டுநரின் வலது பாதத்தில் வந்து முடிகிறது. என் கணிப்பில், நகரச் சாலையில் வேகத்தைக் கூட்டி மீட்கக்கூடிய நேரம் மிகச் சொற்பம். அடுத்த சிவப்பு விளக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தாமதம் உண்மையில் உருவாவது ஏறி இறங்கும் இடத்தில், நிறுத்தத்திலிருந்து வெளியே வர வழி விடாத கார்களால், சட்டவிரோதமாக நிறுத்தப்பட்ட வேன்களால். அங்கே தீர்க்க வேண்டியதை ஓட்டுநரின் பாதத்தில் தீர்க்கப் பார்க்கக் கூடாது.

பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதன் ஆபத்தை லிட்டில் இந்தியா மறக்க முடியாத விதத்தில் கண்டது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, தேக்கா லேனிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலைக்குத் திரும்பிய தனியார் பேருந்தின் இடப் பின்சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார். ஊழியர்களைத் தங்குவிடுதிக்கு அழைத்துச்செல்லும் பேருந்து அது. அவர் பேருந்தோடு ஒட்டி நடந்துவந்து தடுமாறி விழுந்தார் என்று விசாரணை கண்டது. ஓட்டுநர் மேல் குற்றம் சுமத்தப்படவில்லை. அன்றிரவு அதைத் தொடர்ந்து மூண்ட கலவரம் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, அந்தச் சக்கரத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. நீள வண்டி இடப்புறம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு நடைபாதை விளிம்பை நோக்கி வரும். முன்பக்கம் நம்மைத் தாண்டிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று தோன்றும் அந்த நொடியில்தான் பின்பக்கம் நம்மை நோக்கி நெருங்குகிறது. நகரும் பேருந்தின் உடலைத் தட்டுவது, கதவைப் பிடித்து ஓடுவது, வளைவில் விளிம்பில் நிற்பது மூன்றையும் எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. அன்றைய இரவு இன்னொரு கசப்பான உண்மையையும் காட்டியது. மீட்புப் பணியாளர்கள் அடிபட்டவரை விட்டுவிட்டு ஓட்டுநரையும் பேருந்தின் நேரக் காப்பாளரையும்தான் காக்கிறார்கள் என்ற எண்ணம் கூட்டத்தில் பரவியதைப் பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு குறிப்பிட்டது. விபத்து நடந்த இடத்தில் கூட்டம் சூழ்ந்தால் ஆம்புலன்ஸுக்கு வழி அடைபடும், வதந்திக்கு வழி திறக்கும்.

தோ பாயோவின் மூத்தோரைப் பற்றிப் பேசினால் ‘அவர்களே கண்ட இடத்தில் கடக்கிறார்களே’ என்று உடனே பதில் வரும். அது உண்மையும்கூட. கடக்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் கடப்பது இங்கே குற்றம். ஆனால் மூட்டுவலி உள்ள ஒருவருக்கு அந்த 50 மீட்டர் போகவும் திரும்பி வரவும் 100 மீட்டர், அதில் ஒரு படிக்கட்டும் சேர்ந்தால் அவர் சாலையின் நடுவைத் தேர்ந்தெடுப்பது ஆச்சரியமல்ல. கண்டிப்பதைவிட அவருக்கு இடம் விடுவது பலன் தந்திருக்கிறது. 2009இல் வந்த ‘கிரீன் மேன் பிளஸ்’ முறையில், மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்கிறான். 2014இல் தொடங்கிய ‘சில்வர் ஸோன்’ வட்டாரங்களில் வேகத்தைக் குறைத்து, சாலையை வளைத்து, நடுவில் ஒரு திட்டு வைத்தார்கள். அதனால் இரண்டு திசை வண்டிகளையும் ஒரே சமயத்தில் கணிக்க வேண்டியதில்லை, பாதியைக் கடந்து மூச்சுவிட்டு மீதியைக் கடக்கலாம். அந்த வட்டாரங்களில் மூத்த பாதசாரிகள் சிக்கும் விபத்துகள் பெரிதும் குறைந்தன என்று ஆணையம் தெரிவித்திருக்கிறது. 2023இல் அறிவித்த ‘ஃபிரெண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்’ திட்டத்தின் முதல் ஐந்து பேட்டைகளில் தோ பாயோவும் ஒன்று. வேகத்தடை முதுகை வலிக்கச் செய்கிறது, பயணத்தை நீட்டுகிறது என்று முணுமுணுக்கும் ஓட்டுநர்களின் கட்சியை நான் ஏற்கவில்லை. நமக்கு வலிப்பது முதுகு, அவர்களுக்குப் போவது உயிர்.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதாதா என்றும் கேட்கலாம். 2019இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, முதல்முறை ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தவருக்கு எட்டு ஆண்டு வரை சிறை விதிக்க வழி செய்யப்பட்டது. தேவையான சட்டம்தான். ஆனால் அதற்குப் பிறகும் 2023, 2024ஆம் ஆண்டுகளின் எண்ணிக்கைகள் மேலே சொன்னபடிதான். தண்டனை என்பது விளைவை யோசித்துப் பார்க்கும் மனதுக்குத்தான் எட்டும். தூங்கி விழும் ஓட்டுநரும் தூணுக்குப் பின்னால் ஆளைத் தவறவிடுபவரும் சிறையை எண்ணிப்பார்க்கும் நிலையில் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நடக்கும். அந்த நேரத்திலும் இடைவெளிதான் முதல் வேலை. விரைவுச்சாலையில் முதல் மோதலில் பிழைத்தவர்கள் தங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று சேதத்தைப் படம் எடுக்கும்போது இரண்டாவது வண்டியால் கொல்லப்படும் ஆபத்து பெரிது. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, நடக்க முடிந்தவர்கள் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். காயம் கடுமை என்றால் 995ஐ அழைக்க வேண்டும். அடிபட்டவரை, தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றித் தூக்கக் கூடாது. ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு தடைப்பட்டாலன்றி மோட்டார்சைக்கிள்காரரின் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். கடுங்காயம் பட்டிருந்தால் காவல்துறையின் அனுமதியின்றி வண்டிகளை நகர்த்தக் கூடாது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுந்து நடந்தவருக்கும் தலையிலோ வயிற்றிலோ உள்காயம் பல மணி நேரம் கழித்து வெளிப்படலாம், ஆகவே அன்றே மருத்துவரைப் பார்த்து விபத்து என்று சொல்லிப் பதிய வைப்பது அவசியம். காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள்ளோ அடுத்த வேலைநாளுக்குள்ளோ தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புவரை அரசே ஏற்கச் செய்தது. ஊருக்கு விடுமுறையில் போகும் நம்மவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இங்கே வேலை அனுமதியில் இருப்பவர்கள் அறிய வேண்டியது, முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டாலும் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோர வழி உண்டு என்பது. வேலை போய்விடும் என்று பயந்து காயத்தை மறைப்பவர்கள் அந்த உரிமையைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள்.

ஊழியர்களைப் பின்தட்டில் ஏற்றிச்செல்லும் அந்த லாரிதான் என் வாதத்துக்கு இந்நாட்டில் மிகக் கடினமான சோதனை. 2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில், ஜாலான் பஹார் வெளிவழிக்கு அருகே, 17 ஊழியர்களைப் பின்னால் ஏற்றிவந்த லாரி நின்றிருந்த டிப்பர் லாரியின் மேல் மோதியது. இருவர் இறந்தார்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் பங்ளாதேஷி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சுவரில் மோதியதுபோல் நின்றால், கட்டப்படாத உடம்புக்கு அது ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் ஐந்து மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். காரின் பின்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அபராதம். லாரித் தட்டில் இருப்பவருக்கு பெல்ட்டே கிடையாது. அவரால் வேகத்தைக் குறைக்க முடியாது, ஓட்டுநரின் தூக்கத்தைக் காண முடியாது, வேறு வண்டி கேட்கவும் முடியாது. நான் இதுவரை சொன்ன எந்த அறிவுரையும் அவருக்குப் பயன்படாது. அவருக்கான இடைவெளி முழுவதும் பிறர் கையில் இருக்கிறது. கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்பும் முன்பே கட்டாயமாயின. 2023 தொடக்கத்திலிருந்து மழைமறைப்பு, ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று கவனிக்க உடன் ஓர் ஊழியர், களைத்த ஓட்டுநருக்கு ஓய்வு ஆகியவை வந்தன. 3,501 முதல் 12,000 கிலோ வரையிலான லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தும் கெடுக்களும் வந்தன. வேகத்தைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கருவியை நான் மனதார வரவேற்கிறேன், மற்றவற்றைவிட அதற்குத்தான் கணக்கில் எடை அதிகம்.

மனிதர்களை லாரியில் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும் என்று 2023இல் பல அமைப்புகள் கூட்டாகக் கேட்டபோது, சிறு நிறுவனங்களின் செலவு, பேருந்து ஓட்டுநர் பற்றாக்குறை, சாலை நெரிசல், வீடுகளும் ரயில் பாதைகளும் கட்டி முடிப்பதில் தாமதம் ஆகிய காரணங்கள் எதிரே வைக்கப்பட்டன. பேருந்து ஓட்டுகிறவன் என்ற முறையில் ஓட்டுநர் பற்றாக்குறை உண்மை என்று எனக்குத் தெரியும், காலை உச்ச நேரத்தில் இருக்கும் வண்டிகளே போதவில்லை. ஆனால் கட்டுமான ஊழியர்கள் புறப்படுவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களும் பயணம் தொடங்குமுன். அந்த நேரத்தில் ஓடும் வண்டியைப் பிற்பாடு பள்ளிக்கும் தொழிற்பேட்டைக்கும் ஓட்ட முடியும். ஒரே தங்குவிடுதியில் வசிக்கும் பல நிறுவனத்து ஊழியர்களை ஒரு பேருந்தில் சேர்த்து ஏற்றினால் நெரிசல் கூடுமா குறையுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதென்றால் விரைவுச்சாலையில் தொடங்கட்டும். மோதும் வேகம் அங்கேதான் மிக அதிகம். பெரிய ஒப்பந்தக்காரர்களிடம் முதலில், அரசாங்கக் கட்டுமானத் திட்டங்களில் முதலில், இன்ன தேதிக்குப் பிறகு விரைவுச்சாலையில் லாரித் தட்டில் ஆள் ஏற்றக் கூடாது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லலாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு எடை வாரியாக, ஆண்டு வாரியாகக் கெடு வைக்க முடிந்ததென்றால் இதற்கும் முடியும். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஊழியர் போக்குவரத்துக்கு என்று தனியாக ஒரு வரி சேர்த்து, பெல்ட் உள்ள பேருந்தின் செலவைக் கட்டடத்தின் விலையிலேயே எழுதினால், அதைத் தவிர்த்துக் குறைந்த விலை கேட்கும் நிறுவனத்துக்கு லாபம் இருக்காது.